தையல் விட்ட கால்

தம்பி,

"அம்மா படித்தவதானே, பிறகு ஏன் காலைக் கீழே இறக்கினா?" என்று கேட்டிருக்கிறாய். இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாது. உன் கடிதம் வந்ததிலிருந்து யோசித்துப் பார்க்கிறேன், இன்னும் தெரியவில்லை. ஒன்று மட்டும் தெரிகிறது. கேள்வி என்னைப் பற்றியது, கால் என்னுடையது, கடிதம் அப்பாவின் பெயருக்கு வந்திருக்கிறது. அவர் வயலிலிருந்து வந்த சேற்றுக்காலோடு விறாந்தையில் நின்று அதை உரத்து வாசித்தார். வாசித்து முடிய, "பெடியன் கேக்கிறதிலை நியாயம் இருக்கு" என்றார். என்னிடம் தராமல் மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். நான் கேட்டுத்தான் வாங்கி வாசித்தேன். ஆகவே பதிலை நானே எழுதுகிறேன். இது நீளமாகத்தான் வரும். உனக்கு வார்ட்டில் வேலை அதிகமென்றால் இரண்டு தரமாகப் பிரித்து வாசி.

நீ கொழும்பில் இருந்துகொண்டு எல்லாவற்றையும் அப்பாவின் எழுத்திலிருந்து அறிந்தவன். அவர் எழுதுவது எப்போதும் தந்திமாதிரி இருக்கும். அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். முழங்காலுக்கும் கரண்டைக்கும் நடுவில், முன்னெலும்பின்மேல், எனக்கு ஒரு கறுத்த முளை இருந்தது உனக்குத் தெரியும். போன வருடம்வரை அது தன்பாட்டில் இருந்தது. பிறகு பெருத்தது. சேலைக்கரை உரசினாலே இரத்தம் வரத் தொடங்கியது. வகுப்பில் கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினால் பிள்ளைகள் என் முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்ப்பார்கள். இங்கே ஆஸ்பத்திரியில் புதிதாக வந்திருக்கும் டொக்டர் அதை வெட்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்பவேண்டும் என்றார். அது கெட்ட வகையல்ல என்று பின்னர் விசாரித்து எழுதியது நீதான். அதற்கு நன்றி. நான் சொல்லப்போவது வெட்டியதைப் பற்றியல்ல, வெட்டிய பிறகு இருந்த குழியைப் பற்றி.

வெட்டுவதற்கு ஒரு வாரத்துக்கு முன்னம் டொக்டர் எங்களை இருத்தி வைத்து விளக்கம் சொன்னார். "எங்களை" என்பது மரியாதைக்கு. அவர் அப்பாவைப் பார்த்துத்தான் சொன்னார். "ஐயா, உங்கடை காலிலை அந்த இடத்துத் தோலை ஒருக்கால் கிள்ளிப் பாருங்கோ" என்றார். அப்பாவும் குனிந்து தன் காலைக் கிள்ளிப் பார்த்தார். "வராது. வயித்துத் தோலெண்டால் எவ்வளவும் இழுக்கலாம். இந்த இடத்திலை எலும்பு, அதுக்கு மேலை தோல், அவ்வளவுதான். இழுத்துத் தைச்சுப் பிடிச்சுதெண்டால் கெதியா மாறும். பிடிக்காட்டில் முந்தினதிலும் பெரிசாப் பிளக்கும். தைக்காமல் விட்டால் அடியிலையிருந்து தானே நிரம்பிக்கொண்டு வரும், ஆனால் மாதக்கணக்கு எடுக்கும். எந்தநாளும் மருந்து கட்டவேணும். எதெண்டு யோசிச்சுச் சொல்லுங்கோ, ஐயா." நான் குறுக்கிட்டு, "எது நல்லம்?" என்று கேட்டேன். அவர் அப்பாவிடம், "ரெண்டும் நல்லம்தான், ஆக்களைப் பொறுத்தது" என்றார். "இப்பிடி எத்தினை காலைத் தைச்சிருக்கிறீங்கள், எத்தினையை விட்டிருக்கிறீங்கள்?" என்று நான் திரும்பவும் கேட்க, அவர் சிரித்தார். "ரீச்சர் எனக்குச் சோதினை வைக்கிறா" என்றார். அப்பாவும் சேர்ந்து சிரித்தார். நான் பகிடிக்குக் கேட்கவில்லை. பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்த காலத்திலிருந்து எனக்கு இந்த ஒரு பழக்கந்தான் மிஞ்சியிருக்கிறது. ஒன்றை நல்லது என்று ஒருவர் சொன்னால், மற்றதைவிட நல்லது என்று எப்படித் தெரியும் என்று கேட்பது. இரண்டு காலிலும் ஒரே அளவு புண் இருந்து, ஒன்றைத் தைத்து மற்றதை விட்டுப் பார்த்தால் ஏதோ கொஞ்சம் தெரியும். எனக்கு ஒரு காலில்தான் புண்.

ஆனால் தெரியாது என்று சொல்ல எங்கள் வீட்டில் ஒருவரும் இல்லை. உன் மாமி, அப்பாவின் அக்கா, நான் படுத்தால் சமையலுக்கு ஆளில்லை என்று, தன் தம்பியார் வீட்டுக்கு அக்கராயனிலிருந்து பெட்டியோடு வந்துவிட்டார். வந்த அன்றே அடுத்த வளவுப் பையனுக்குத் தைத்த கால் எப்படிப் பூப்போல மாறியது என்று சொன்னார். அப்பாவோ காடு வெட்டிய காலத்தில் கோடரி பட்ட தன் காலைத் தைக்காமல் விட்டு மாறிய கதையை, வேட்டியை முழங்காலுக்கு மேலே தூக்கித் தழும்போடு காட்டினார். வந்தவர்கள் எல்லாருக்கும் காட்டினார். முல்லைத்தீவிலிருந்து என்னிடம் படிக்கும் ஒரு பிள்ளையின் தாய், கடற்கரை வேதக்காரப் பெண், பஸ் ஏறி வந்து எனக்காகச் செபம் பண்ணிவிட்டு ஒரு பாரைக் கருவாடு வைத்துவிட்டுப் போனார். கருவாடு கிரந்தி, புண்ணுக்குக் கூடாது என்று மாமி அதை எனக்குத் தரவில்லை. தானே பொரித்துச் சாப்பிட்டார். கத்தரிக்காய், இறால், அன்னாசி எல்லாம் இதே மாதிரி வீட்டுக்குள் வந்து என்னைத் தாண்டிப் போயின. "பாவம் பார்த்துத் தந்திட்டு, புண் சீழ் பிடிச்சால் தம்பிக்கு ஆர் பதில் சொல்லுறது?" என்றார். என்னுடைய புண்ணுக்குப் பதில் அப்பாவுக்குச் சொல்லவேண்டும்.

கடைசியில் அப்பா, "உவன் படிக்கிறது உதைத்தானே, அவனைக் கேப்பம்" என்று உனக்குத் தந்தி அடித்தார். உன் பதில் ஒரே சொல்லாக வந்தது, தைக்கவும் என்று. ஏன் என்று ஒரு சொல் இல்லை. எனக்குச் சரி பிழை தெரியவில்லை என்றால் உனக்கு மட்டும் எப்படித் தெரிந்தது? நீ படித்த புத்தகம் வயிற்றைப் பற்றிச் சொல்லியிருக்கும். கால் முன்னெலும்பைப் பற்றி என்ன சொன்னது என்று நீ பார்த்தாயா? பார்த்திருந்தால் ஒரு வரி எழுதியிருப்பாய். உண்மையான காரணம் எல்லாருக்கும் தெரியும். அடுத்த மாதம் உன் கலியாணம். தைத்த கால் முடிந்துபோன விஷயமாகத் தெரியும், சேலைக்குள் அடங்கும். திறந்த புண்ணோடு மாப்பிள்ளையின் தாய் மணவறைக்குப் பக்கத்தில் நிற்பது வடிவில்லை. "புண்ணோடை சபைக்கு வரலாமோ?" என்று மாமி வாய்விட்டுக் கேட்டார். நீ கேட்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். தைத்தார்கள். தைத்துவிட்டு டொக்டர் சொன்னது ஒன்றே ஒன்று. கால் உயர்ந்திருக்க வேண்டும், இருதயத்துக்கு மேலே, எப்போதும்.

அதைச் செய்தேன். சாய்மனைக் கதிரையில் இருந்து, முன்னால் இன்னொரு கதிரை போட்டு, தலையணைமேல் காலை வைத்திருந்தேன். கட்டுரைக் கொப்பிகள் எல்லாம் மடியில் வைத்துத் திருத்தினேன். இடம் காற்றுக்காக வாசலுக்கு நேரே. உள்ளே வருகிறவருக்கு முதலில் தெரிவது என் உள்ளங்கால். அடுத்த வளவுப் பிள்ளைகள் வந்தார்கள், இறக்கவில்லை. தபால்காரர் வந்தார், இறக்கவில்லை. ஒருநாள் காலை பத்து மணியளவில் குசினிக்குள்ளிருந்து மாமி, "மச்சாள், துணுக்காய் ஆக்கள் காரிலை வந்து இறங்குகினம்!" என்று கத்தினார். துணுக்காய் ஆக்கள் என்றால் உனக்கு மாமனாரும் மாமியாரும் ஆகப்போகிறவர்கள், கூடவே மாமனாரின் தம்பி குடும்பம். தாலிக்குப் பொன் உருக்கும் பொன்னுருக்குக்கு நாள் வைக்க வந்திருந்தார்கள். மாமி சொல்லி முடிவதற்குள் என் கால் நிலத்தில் இருந்தது. நான் இறக்கினேன் என்று சொல்வதுகூடச் சரியில்லை. அது இறங்கியிருந்தது.

"எழும்பாதேங்கோ, எழும்பாதேங்கோ" என்றார் நீ கட்டப்போகும் பிள்ளையின் தாய். எழும்பினேன். அவர் அப்படிச் சொல்வதும் நான் எழும்புவதும் சேர்ந்ததுதான் வரவேற்பு, இரண்டில் ஒன்று குறைந்தால் கார் திரும்பிப் போகும் வழியில் அதுதான் கதை. "கால் எப்பிடி?" என்று தகப்பன் கேட்டார். "சுகம்" என்றேன். தேத்தண்ணீர் வந்தது, திரும்பவும் வந்தது. மழையைப் பற்றியும் குளத்துத் தண்ணீரைப் பற்றியும் ஆண்கள் கதைத்தார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு நிற்கச் சொன்னோம். "உங்களுக்குக் கரைச்சல்" என்று சொல்லிக்கொண்டே நின்றார்கள். மாமி தனியே பரிமாறுவது எப்படி, நானும் நின்றேன். சோற்றுப் பானையோடு நிற்கும்போது கட்டுக்குள்ளிருந்து இளஞ்சூடாக ஏதோ கரண்டைவரை இறங்குவது தெரிந்தது. அந்த நேரம் அவர்கள் பொன்னுருக்கு நாளைச் சொல்லி, "நல்ல நாள், எல்லாம் பொருந்தி வருது" என்று வெற்றிலைத் தட்டை நகர்த்திக்கொண்டிருந்தார்கள். நான் சேலையை இழுத்துக் காலை மூடிக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் போடுங்கோ" என்று கறி வைத்தேன். இரத்தத்தை மறைத்ததற்குக் காரணம் கேட்டால் சொல்லுவேன். நாள் வைக்கும் நேரத்தில் மாப்பிள்ளை வீட்டில் இரத்தம் கண்டது என்று அந்தச் சபையில் ஒருவர் சொன்னால் போதும், அது அந்தப் பிள்ளையின் தலையில்தான் விடியும். எனக்குச் சகுனத்தில் நம்பிக்கை இல்லை. நம்பிக்கை உள்ளவர்கள் வாயில் அவள் விழுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியாது. ஆனால் காலை முதலில் இறக்கினேனே, அதற்கு இந்த மாதிரி ஒரு காரணமும் கிடையாது. அதைத்தான் தெரியாது என்றேன்.

கட்டை அவிழ்த்த அன்று டொக்டர் குனிந்து கிட்டப் பார்த்தார். நூல் அறவில்லை, தோலைத்தான் அறுத்துக்கொண்டு வந்திருந்தது. குழி முன்பிருந்ததைவிட அகலம். "கால் கீழை இருந்ததோ?" என்று கேட்டார், வழக்கம்போல அப்பாவிடம். அப்பா சற்றும் யோசிக்காமல், "சாய், இல்லை, அவா ஒரே படுக்கைதான்" என்றார். வந்தவர்களை விட்டுக்கொடுக்கக் கூடாதாம். நான் அதைத் திருத்தவில்லை. பொய் சொல்லும் பிள்ளைகளை வகுப்பிலிருந்து வெளியே அனுப்புகிறவள் நான். டொக்டர் கழுவி, பஞ்சு வைத்துக் கட்டிவிட்டு, ஓரங்களைச் சீவித் திரும்பவும் தைத்துப் பார்க்கலாம், இல்லாவிட்டால் இப்படியே விடலாம், யோசித்துக்கொண்டு வாருங்கள் என்றார். நாளைக்குப் போகவேண்டும்.

டொக்டருக்கு மறைத்ததை அப்பா உனக்கு எழுதியிருந்தார், உன் கடிதம் இந்த இடத்தில் வந்து சேர்ந்தது. மெயில் ரெயினில் ஏற்றி அனுப்புங்கள், இங்கே பெரிய டொக்டரிடம் சொல்லித் துடையிலிருந்து தோல் எடுத்துப் போடலாம் என்கிறாய். காலைக் கீழே வைத்ததால் தையல் விட்டவளை, இரவு முழுக்கக் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு இருத்தி அனுப்பச் சொல்கிறாய். இன்னொரு புண்ணைத் துடையிலும் உண்டாக்கி இதை மூடுவதென்றால் அதற்கும் யாரையாவது கேட்கவேண்டாமா, துடையும் என்னுடையதுதானே? அதையாவது பகிடியாக எடுத்துக்கொள்ளலாம். அடுத்த வரியைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. புண் மூடாவிட்டால் கலியாணத்தை இரண்டு மாதம் தள்ளி வைப்போம் என்று இலேசாக எழுதியிருக்கிறாய், ரெயில் ரிக்கற்றை மாற்றுவதுபோல.

தள்ளி வைத்தால் இங்கே என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியாதா, அல்லது தெரிந்தும் யோசிக்கவில்லையா? முந்தாநாள் மாமி கிணற்றடியில் அடுத்த வளவு மனுசியோடு நின்று, "பெட்டை இன்னும் படி மிதிக்கேல்லை, அதுக்குள்ளை மாமியாருக்கு உப்பிடி" என்று சொன்னது சன்னல்வழி கேட்டது. உள்ளே கூப்பிட்டேன். "மச்சாள், வெட்டினது டொக்டர். இறக்கினது நான். அந்தப் பிள்ளை அண்டைக்குத் துணுக்காயிலை தன்ரை வீட்டிலை இருந்தது" என்றேன். "நான் ஒண்டும் சொல்லேல்லை. ஊர் சொல்லுறதைச் சொன்னனான்" என்றார். "ஊருக்கு ஆர் சொன்னது?" என்று கேட்டேன். "பி.எஸ்ஸி. படிச்ச வாய்க்கு ஆர் பதில் சொல்லுறது" என்று குசினிக்குள் போய்விட்டார். இது திகதி மாறாமல் இருக்கும்போதே நடக்கிற கதை. மாறினால் இதையே ஊர் முழுக்கச் சொல்லும். அவளுக்கு ஐம்பது வயதாகி அவள் பிள்ளைக்குக் கலியாணம் பேசும்போதும் சொல்லும். நீ கொழும்பில் இருப்பாய், உன் காதுக்கு வராது. அவள் இங்கே கோயிலுக்கும் செத்தவீட்டுக்கும் போய்வர வேண்டியவள். ஒரு முளையை வெட்டிய தழும்பு என் காலோடு போகட்டும்.

சின்ன வயதில் நீ முழங்காலை உரசிக்கொண்டு வந்தால் பொருக்கு காய்வதற்கு முன்னம் பிய்த்துவிட்டு உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்பாய். மாமி அடிக்கச் சொல்லுவார். நான் அடிக்கவில்லை, உனக்குப் பக்கத்தில் குந்தியிருந்து நானும் பார்த்தேன். ஓரத்திலிருந்து மெல்லிய தோல் உள்ளே நகர்ந்து வருவதைக் காட்டி, "இது எப்பிடி அம்மா வழி தெரிஞ்சு வருது?" என்று கேட்டாய். எனக்குத் தெரியாது என்று சொன்னேன். நீ அதற்காக என்னைக் குறைவாக நினைக்கவில்லை. அந்தப் பிள்ளைக்கு இருந்த பொறுமை டொக்டராகி ஒரு சொல்லில் தந்தி அடிக்கிறவனுக்கு எங்கே போனது? தெரியாது என்று எழுதியிருக்கலாமே. "தெரியாது அம்மா, உங்களுக்கு எது வசதி?" என்று கேட்டிருந்தால் இந்தக் கடிதம் பாதி நீளத்தில் முடிந்திருக்கும்.

ஆகவே நான் உனக்குச் சொல்லக்கூடியது இவ்வளவுதான், இதைக் கலியாணத்துக்கு முன்னமே சொல்லிவிடுகிறேன். நாளைக்கு உன் வார்ட்டில் ஒரு மனுசி வந்து காலை நீட்டினால் அவள் புருசனின் முகத்தைப் பார்த்துக் கதைக்காதே. அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும் கால் நோகிறது அவளுக்குத்தான். உன் மனுசிக்கு ஏதும் வருத்தம் வந்தால் அவள் தகப்பனுக்குக் கடிதம் எழுதாதே, பக்கத்தில் இருந்து அவளிடம் கேள். அவள் "சுகம்" என்று சொன்னால் நம்பாதே. நாங்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்லுவோம். சேலைக்கரையைத் தூக்கிப் பார்.

நாளைக்குத் தைக்காமல் விடச் சொல்லப்போகிறேன். அதுதான் சரி என்று எனக்குத் தெரிந்ததால் அல்ல. ஒருமுறை இழுத்து விட்ட தோலை இன்னும் இறுக்கி இழுத்தால் கலியாணத்துக்குக் கிட்டத் திரும்பவும் தையல் விட்டுவிடுமோ என்ற பயம், அவ்வளவுதான். தைக்காமல் விட்டால் மெதுவாக நிரம்பி வரும், ஆனால் மெதுவாக வருகிறது என்று எந்தநாளும் பார்த்துக்கொள்ளலாம். குறித்த நாளில், கட்டோடு, காலை எல்லாருக்கும் முன்னால் கதிரையில் தூக்கி வைத்துக்கொண்டு உன் கலியாணத்தில் இருப்பேன். சபைக்குப் பொருந்தாவிட்டால் சபை வேறு பக்கம் பார்க்கட்டும். இன்று எழுதுவது சுலபம், நாளைக்கு என்ன செய்வேன் என்று தெரியவில்லை. அதனால் இதை இன்னும் ஒட்டவில்லை.

மறுநாள் பின்னேரம் எழுதுகிறேன். காலையில் வாடகைக் காரில் பின் இருக்கை முழுவதும் நான், முன்னால் அப்பா. கட்டை அவிழ்த்துப் பார்த்துவிட்டு டொக்டர், "அப்ப ஐயா, திரும்பத் தைப்பமோ?" என்றார். அப்பா தொண்டையைச் செருமினார். "அவாவைக் கேளுங்கோ" என்றார். "நோகிறது எனக்கில்லை." டொக்டர் முதல்முறையாக என் பக்கம் திரும்பினார். "விடுங்கோ, தைக்கவேண்டாம்" என்றேன். "அண்டைக்குக் கால் கீழைதான் இருந்தது டொக்டர். ஆக்கள் வந்தவை, இறக்கிப்போட்டன்." அப்பா சன்னலுக்கு வெளியே பார்த்தார். டொக்டர் கையில் இருந்த பஞ்சை வைத்துவிட்டு, "உதை அண்டைக்கே சொல்லியிருக்கலாம் ரீச்சர். நான் என்ரை தையல்தான் பிழையெண்டு இவ்வளவு நாளும் இருந்தனான்" என்றார்.

வீட்டுக்கு வந்து காலைத் தூக்கி வைத்துக் கொஞ்ச நேரத்தில் துணுக்காயிலிருந்து பிள்ளையின் தகப்பனும் தாயும் வந்தார்கள். தையல் விட்ட கதை அங்கே போயிருக்கிறது, திகதி மாறுமோ என்ற பயம் முகத்தில் இருந்தது. மாமி கத்தினார். கால் ஒருமுறை துடித்தது, கதிரைச் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். தகப்பன் வாசலால் வரும்போது என் உள்ளங்கால் நேரே அவர் நெஞ்சுக்கு. "குறை நினையாதேங்கோ. இதை இறக்கினால் பிறகு கலியாணத்துக்கு வரேலாது. திகதி மாறாது" என்றேன். பிறகு அவர் தனக்குப் போட்டிருந்த கதிரையைத் தானே தூக்கிக்கொண்டு சுற்றி வந்து என் தலைமாட்டுப் பக்கம் போட்டு இருந்தார். "அப்ப பந்தலுக்குள்ளை உங்களுக்கு ரெண்டு கதிரை" என்றார். அவருடைய மனுசி என் காலருகே வந்து கட்டைப் பார்த்தார், நழுவியிருந்த தலையணையைச் சரியாக்கினார். மாமி தேத்தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு என்னைப் பாராமல் போனார். அவர்கள் வெளிக்கிட்டபோது நான் எழும்பவில்லை, இருந்தபடியே "போட்டு வாங்கோ" என்றேன். கார்ச் சத்தம் ஒழுங்கையைத் தாண்டும்வரை கால் கதிரையில்தான் இருந்தது. விறைத்துப் போயிருந்தது.

அம்மா